சிப்பாய்க்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

சிப்பாயின் கன்னத்தில் கறுப்பாக ஏதோ இருந்தது. முதலில் கொசு என்று நினைத்தேன். கொள்ளிடம் பார்த்த ஜன்னலைத் திறந்து வைத்தால் ஸ்ரீரங்கத்தில் கொசுவுக்கா பஞ்சம்? ஊதிப் பார்த்தேன். போகவில்லை. தலையில் மாட்டியிருந்த லென்ஸைக் கண்ணுக்கு இறக்கினேன். வட்டமாக, எண்ணெய்ப் பளபளப்போடு ஒரு பொட்டு. யாரோ கண்மையைத் தொட்டு வைத்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ! அன்று ஞாயிற்றுக்கிழமை. மண்ணச்சநல்லூரிலிருந்து வந்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்துப் போனவள் என் அக்கா ஒருத்திதான்.

சிப்பாய் என்று நான் சொல்வது ஐந்து சென்டிமீட்டர் உயரப் பிளாஸ்டிக் பொம்மையை. நிஜ ஆளை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் என்ன உயரமோ அந்த உயரம். முகம் என் சுண்டுவிரல் நகத்தில் பாதிதான் இருக்கும். அந்த முகத்துக்கு மட்டும் பதினொரு நாள் செலவழித்திருந்தேன். வெயிலில் கறுத்த மூக்கு, ஹெல்மெட் வார் அழுத்திய தாடை, இரண்டு நாள் சவரம் செய்யாத பச்சை நிறம், எல்லாமே மூன்று மயிர் மட்டும் வைத்த தூரிகையால் வந்தவை. அதன்மேல் கண்மை! குரங்கு கையில் பூமாலை என்பார்கள். குரங்காவது தெரியாமல் செய்யும்.

எனக்குப் பிழைப்பு பாலக்கரையில், ஒரு டென்டல் லேபில் பல் செட் செய்வது. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் வாய்க்குள் பொருந்துகிற பொருளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செதுக்கிய கை இது. இந்தப் பொம்மைப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தவன் அக்காவின் மகன். பட்டாளத்தில் சேர்ந்த முதல் வருஷ லீவில் டெல்லியிலிருந்து ஒரு பெட்டி வாங்கி வந்தான். ஏதோ ஒரு வெளிநாட்டுப் படையின் நாலு சிப்பாய்கள், கை வேறு கால் வேறாக ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கூடவே நெல்மணி அளவில் தண்ணீர்க் குடுவை, சின்னஞ்சிறு மண்வெட்டி, தோட்டாப் பைகள். "சித்தி, நீ பல்லு செதுக்கற கைக்கு இதெல்லாம் ஜுஜுபி" என்றான். அவனுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் அன்று உட்கார்ந்தவள், இன்னும் எழுந்திருக்கவில்லை.

கன்னத்தில் பொட்டு வாங்கியவன் என் முப்பத்தேழாவது சிப்பாய். ஆனால் அவன்தான் முதல் முறையாக ஒரு நிஜ ஆள். அக்கா மகனையே செய்துகொண்டிருந்தேன். பொங்கல் லீவில் வந்தபோது என் மொட்டை மாடியில் பூட்ஸும் முதுகுப்பையுமாக அவனை நிற்கவைத்து நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டேன். நம் ராணுவத்துச் சிப்பாய்ப் பொம்மை கடையில் சுலபமாகக் கிடைக்காது. வேறு நாட்டுக்காரனை வாங்கி, அவன் சட்டையைச் சுரண்டி, இரண்டு பசையைக் கலந்து பிசையும் புட்டி மாவால் நம் சட்டையைப் போடவேண்டும். தோள்பட்டை வாருக்குப் பற்பசை டியூபின் தகடு. அவன் பையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் டம்ளர் தொங்கும், அக்கா பெயர் வெட்டிக் கொடுத்தது. அதைப் பால்பாயிண்ட் பேனாவின் முனையை அராவிச் செய்தேன். மூன்று முறை தரையில் விழுந்து, மூன்று முறையும் வீடு முழுக்கத் தவழ்ந்து தேடினேன்.

இன்னும் மூன்று வாரத்தில் பெங்களூரில் என்னைப் போன்ற கிறுக்குகள் கூடும் கண்காட்சி. போன வருஷம் எனக்கு மூன்றாம் இடம் வந்தது. நடுவராக வந்தவர் முகத்தில் உயிர் போதவில்லை என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பதினொரு நாள். அதை மறைப்பானேன்.

மூக்கு மேல் கோபம் எனக்கு. நான் தனியாக இருப்பதற்கு என் வாய்தான் காரணம் என்பாள் அக்கா. அன்று கையும் சேர்ந்துகொண்டது. யோசிக்காமல் காது குடையும் பஞ்சுக் குச்சியைப் பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்துக் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்தேன். கண்மை வந்தது. அதோடு தோல் நிறமும் வந்தது, அடியில் பூசிய வெள்ளையும் வந்தது. மூக்கிலிருந்து காது வரை சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பல்லை இளித்தது. ஒரு கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உடனே போன் போட்டேன். அக்கா டோல்கேட்டில் அடுத்த பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள், ஹாரன் சத்தம் கேட்டது.

"மை வெச்சது நீதானே?"

"ஆமா."

"உனக்கு என்ன வயசாகுது? அது என்ன தொட்டில்ல கெடக்கற குழந்தையா, கண்ணு பட்டுடும்னு பொட்டு வெக்கறதுக்கு? நாலு மாச உழைப்பு! ஒரு பொருளைத் தொடறதுக்கு முன்னாடி கேக்கணும்னு தெரியாதா?"

"கேட்டா நீ வெக்க விட மாட்ட."

"துடைச்சு எறிஞ்சாச்சு. மொகமே போச்சு. திருப்தியா?"

அந்தப் பக்கம் ஒரு பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "துடைச்சிட்டியா?" என்றாள் மெதுவாக. பிறகு "சரி" என்று வைத்துவிட்டாள். என் அக்கா ஒரு வார்த்தை வாங்கினால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுப்பவள். அந்த "சரி" எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் கோபம் விடவில்லை. கன்னத்தைத் திரும்ப வரைய உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை லேபில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லையில் நிலைமை சரியில்லை என்றார்கள். அக்கா மகன் இருந்த பக்கம்தான். வைகாசியில் ஒரு மாத லீவில் வந்தவனை ஆறாவது நாளே போன் போட்டுத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள் என்பதும், அவன் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அவனுக்கு அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் ஹிந்தியில் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள். அவள் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார், வீட்டில் அவள் ஒருத்திதான். "அங்க சிக்னல் சரியா கெடைக்கல" என்றாள். பொய். மண்ணச்சநல்லூரில் அவள் வீட்டுக்கு எதிரேயே செல்போன் டவர் நிற்கிறது. போனை ஜன்னல் ஓரம் என் வேலை மேஜைமேல், சிப்பாய்க்குப் பக்கத்தில் வைத்து, எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அந்த மூன்று நாளைத் தள்ளியது பெரும்பாடு. டி.வி.யில் நாலு பேர் நாலு மூலையிலிருந்து கத்தினார்கள். ஒருவர் ஸ்டூடியோவில் பெரிய மேஜைமேல் மலை மாதிரி ஒன்றைச் செய்து, குச்சியால் சிப்பாய்ப் பொம்மைகளை அங்கும் இங்கும் தள்ளினார். ஒரு பொம்மை சரிந்து விழுந்தது. அவர் அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே போனார். அக்கா எழுந்து டி.வி.யை அணைத்தாள். எனக்கு அந்த ஆளின் கையை முறிக்கவேண்டும் போல் இருந்தது.

குவைத்திலிருந்து மாமா ஒரு மணிக்கு ஒரு தரம் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் அக்கா பதறி எடுத்து, "நீங்க வைங்க, லைன் பிஸியா இருக்கக் கூடாது" என்று வைத்தாள். சோறு வடித்தேன், தட்டில் அப்படியே காய்ந்தது. நான் லேபுக்கு லீவு சொல்லிவிட்டு, செய்வதற்கு வேறொன்றும் தெரியாமல் சிப்பாயின் கன்னத்துக்கு நிறம் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கன்னம் முடிந்தது. முன்பைவிட நன்றாகவே வந்திருந்தது, அதுவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் திருஷ்டியிலோ சகுனத்திலோ நம்பிக்கை கிடையாது. ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவளுக்கு இருக்கிறது. அவள் மகன் முகத்தில் அவள் வைத்த பொட்டை நான் தின்னர் போட்டுத் துடைத்திருக்கிறேன். அதற்கு மறுநாளிலிருந்து அவன் பேசவில்லை. அதை அவள் வாயால் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவள் சொல்லவேயில்லை.

"திரும்ப வெச்சிடறேன்க்கா" என்றேன். "கன்னத்துல, அதே இடத்துல. பொட்டோடயே இருக்கட்டும்."

"கன்னத்துல வேணாம்."

"பின்ன?"

"அவனுக்குக் கன்னத்துல வெக்கறதில்ல. உள்ளங்கால்ல." அக்கா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். "குழந்தையில வெச்சதுதான். இடது உள்ளங்கால். பட்டாளத்துக்குப் போனப்புறமும் விடல. ஒவ்வொரு தடவையும் கிளம்பறப்ப, ஷூ போடறதுக்கு முன்னாடி வெச்சிடுவேன். கூசுதும்மான்னு கால இழுத்துக்குவான். ஆனா திரும்ப நீட்டுவான். இந்தத் தடவ மத்தியானம் போன் வந்துச்சு, சாயங்காலமே வண்டி. நான் புளிசோறு கெளறிக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பாக்கறேன், ஷூ மாட்டி லேஸெல்லாம் கட்டிட்டு நிக்கறான். அவுருடான்னேன். நேரமில்லம்மான்னான். ஜங்ஷன்ல பெஞ்சுல உக்காந்தப்ப மறுபடி கேட்டேன். எல்லாரும் பாக்கறாங்கம்மா, அடுத்த தடவ ரெண்டு கால்லயும் வெச்சுக்குங்கன்னு சிரிச்சான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ சிரிப்ப."

சிரித்திருப்பேன். அதுதான் உண்மை.

"அப்ப கன்னத்துல ஏன் வெச்ச?" என்றேன்.

"நீதான் கால ஒட்டி வெச்சிருந்தியே. லேசாத் தூக்கிப் பாத்தேன், வரல. ஒடஞ்சிருமோன்னு பயம். வேற எங்க வெக்கறது?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நடுவரின் பாராட்டுக்காக நான் காத்துக்கொண்டிருந்த முகத்தில், இவள் பத்து நாளாக அடக்கிவைத்திருந்த பயத்தை ஒரு புள்ளியாக வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதைத்தான் பஞ்சுக் குச்சியில் சுருட்டிக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

"அறுத்து எடுக்கறேன்" என்றேன்.

"ஒடஞ்சா?"

"ஒடையாது."

இதுவும் பொய். இரண்டு பூட்ஸுக்குள்ளும் செப்புக் கம்பி இறக்கி, அடியில் பாறைபோல் செய்த பீடத்துக்குள் செருகி, இறுகினால் கல்லாகும் பசையை ஊற்றியிருந்தேன். இனி யாரும் பிரிக்கவேண்டியிராது என்ற நினைப்பில் செய்த வேலை. கணுக்கால் தீக்குச்சி கனம்கூட இல்லை. இப்படித்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவனைப் பீடத்திலிருந்து எடுக்கப்போய் முழங்காலோடு முறித்திருக்கிறேன். அன்று "தொலையட்டும்" என்று தூக்கிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். இன்று இவன் கால் முறிந்தால் அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? போன் பேசாமல் கிடக்கும் இந்த நேரத்திலா?

லேபில் பிளாஸ்டர் அச்சை அறுக்கும் ரம்பம் ஒன்று என்னிடம் உண்டு, தாள் கனம். அதை எடுத்தேன். "பீடத்தை ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சுக்க. ஆடக் கூடாது" என்றேன். அக்கா பிடித்தாள். அவள் மூச்சு என் நெற்றியில் பட்டது. பூட்ஸின் அடிக்கும் பாறைக்கும் நடுவே ரம்பத்தை நுழைத்து இழுத்தேன். ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம். பசை தூளாக உதிர்ந்தது. பிறகு பல்லில் கூசுவது மாதிரி ஒரு கிறீச். செப்புக் கம்பி. ரம்பத்தில் கை கொஞ்சம் சாய்ந்தாலும் பாரம் முழுக்கக் கணுக்காலுக்குப் போகும். ஜன்னலை மூடச் சொன்னேன், பிறகு வேண்டாம், கையை எடுக்காதே என்றேன். வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது, துடைக்க முடியவில்லை.

வலது பூட்ஸ் விட்டது. இருவரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டோம்.

இடது பூட்ஸில் பாதிக் கம்பி அறுந்திருந்தபோது போன் அடித்தது.

அக்காவின் கை பீடத்திலிருந்து துள்ளியது. ரம்பம் வழுக்கிப் பூட்ஸின் குதிகாலில் கீறியது. சிப்பாய் ஒற்றைக் காலில் சாய்ந்தான், நான் கட்டை விரலால் முட்டுக் கொடுத்தேன். போன் திரையில் பழக்கமில்லாத நம்பர். நல்ல செய்தியானால் அவன் நம்பரில் வரும். மற்ற செய்தி இப்படித்தான் ஏதாவது ஒரு நம்பரில் வரும் என்று இருவருக்கும் தெரியும்.

"எடுக்கா."

போன் மேஜைமேல் அதிர்ந்து, தின்னர் பாட்டிலில் மோதிக் கடகடத்தது. "எடுக்கா!" என்று கத்தினேன். அவள் அசையவில்லை. ஒரு கை சிப்பாயிடம் மாட்டிக்கொண்டிருக்க, மறு கையால் ரம்பத்தைப் போட்டுவிட்டு, பசை ஒட்டிய விரலால் திரையைத் தேய்த்தேன். முதல் தேய்ப்பில் எடுபடவில்லை. இரண்டாவதில் எடுத்தது. ஸ்பீக்கரைத் தட்டினேன்.

இரைச்சல். காற்றடிக்கிற மாதிரி ஒரு சத்தம். யாரோ தூரத்தில் ஹிந்தியில் ஏதோ சொன்னார்.

"அம்மா?"

அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான்தான். நல்லாருக்கேன். இது வேற ஒருத்தர் போன், ரொம்ப நேரம் பேச முடியாது. நீங்க நல்லாருக்கீங்களா?"

"இருக்கேன்பா." குரல் வந்த பிறகு அவள் முதலில் கேட்டது இதுதான்: "உள்ளங்கால்ல பொட்டு வெக்காம போயிட்டியேடா."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. களைத்த சிரிப்பு. "அதெல்லாம் வெச்சுக்கிட்டேம்மா. வண்டியிலயே வெச்சுட்டேன். ஷூ பாலிஷ் இருக்குல்ல, அதுல."

"நெஜமாவா?"

"சத்தியமா."

"எந்தக் கால்ல வெச்ச?"

கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.

"வலது கால்லதான். எப்பவும் வெப்பீங்களே."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. "சரிப்பா" என்றாள். "நல்லதாப் போச்சு. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா. சித்திகிட்ட சொல்லுங்க, என் மூக்கை..."

லைன் அறுந்தது. திரும்ப வரவில்லை. என் மூக்கை என்ன செய்யச் சொன்னான் என்று அன்று தெரியாமலே போனது.

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. சிப்பாயைப் பிடித்திருந்த கட்டை விரல் மரத்துப் போயிருந்தது. அவன் பேசிவிட்டான், உயிரோடு இருக்கிறான், இனி இந்தக் கூத்து எதற்கு என்று தோன்றியது. "அக்கா, அதான் அவனே வெச்சுக்கிட்டானாமே" என்றேன்.

அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பீடத்தைப் பழையபடி இரண்டு கையாலும் பிடித்தாள்.

"பொய் சொல்றான்" என்றாள். "எந்தக் காலுன்னே தெரியல அவனுக்கு. நீ அறு."

அறுத்தேன். மீதிக் கம்பி எட்டாவது இழுப்பில் விட்டது. கணுக்கால் பிழைத்தது, குதிகாலில் அந்தக் கீறல் மட்டும் நின்றுவிட்டது. சிப்பாயைத் தலைகீழாகத் திருப்பி, இடது பூட்ஸின் அடியைச் சுரண்டித் துடைத்தேன். என் கறுப்புப் பெயிண்டைத் திறக்கப் போனபோது அக்கா துணிப்பையிலிருந்து கண்மை டப்பாவை எடுத்து நகர்த்தினாள். எண்ணெய்ப் பசை, பிளாஸ்டிக்கில் காயவே காயாது. வாயைத் திறக்காமல் மூன்று மயிர்த் தூரிகையை அதில் தோய்த்து, ஒரு புள்ளி வைத்தேன். லென்ஸ் இல்லாமல் பார்த்தால் தெரியாது.

என் தலையிலிருந்து லென்ஸைக் கழற்றி அக்கா கண்ணில் மாட்டிக்கொண்டாள். குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் பெரிசா வைடி" என்றாள். "நடக்கறவன். தேஞ்சு போயிடும்."